ஓடை விட்டுப்போன இடம்

பெயின்ட் டப்பாவை ஆட்டிக்கொண்டே பெல்த்ரான் முன்னால் நடந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வெள்ளைச் சொட்டு மணலில் விழுந்தது.

"சிந்தாம வாடா. ஊருக்கே அந்த ஒரு டப்பாதான் இருக்கு" என்றாள் செனாய்டா.

"சிந்தினாத்தான் அண்ணி திரும்பிப் போக வழி தெரியும். நீங்க கூடைக்குச்சியைப் பாத்துக்கிட்டே நடக்குற நடைக்கு, சாயங்காலம் சொனோரா மாநில எல்லையையே தாண்டிடுவோம்."

கணவனின் தம்பி என்பதால் அவன் வாய்க்கு விலங்கு கிடையாது. ஆனால் இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்டோசர் உறுமுவது காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாளை விடிந்தால் அது இங்கே வந்துவிடும்.

கடலோரத்துக் கிராமத்துக்கு நல்ல சாலை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. செனாய்டாவுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வேண்டும். அவள் அண்ணன் ஹெனாரோ குழாயில் காற்றை வாங்கிக்கொண்டு சிப்பிக்கு மூழ்குகிறவன். சென்ற குளிர்காலத்தில் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவனை லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பள்ளமும் மேடுமான வழியை அவள் இன்னும் கனவில் காண்கிறாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கால்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள்.

ஆனால் சாலை போகும் வழியில் தூண்கள்ளிகள் நின்றன. அவர்களுடைய கொம்காக் இனத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அதன் நஞ்சுக்கொடியை ஓர் இளங்கள்ளியின் அடியில் புதைத்துச் சாம்பல் தூவுவார்கள். அன்றிலிருந்து அந்தக் கள்ளி அந்தப் பிள்ளையுடையது. ஆளுக்கு ஒரு கள்ளியைக் காட்டினால் வெள்ளை வளையம் போட்டுவிடுவது, சாலை அதைச் சுற்றி வளைந்துபோவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. ஆளுக்கு ஒன்றே ஒன்று. இல்லாவிட்டால் ஆளாளுக்குப் பாலைவனம் முழுக்க வளையம் போட்டுவிடுவார்கள், சாலை பாம்பைப் போல நெளிந்து கடைசியில் வந்த இடத்துக்கே போய்விடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஹெனாரோ சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். மீன் சூப் கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பான். நண்பர்கள் வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான். இத்தனை மாதத்தில் அவனாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நேற்று மாலை, சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"என் கள்ளிக்கு வளையம் போட்டாச்சா?"

"நாளைக்குப் போடுறேண்ணே."

"அதுவும் போச்சுன்னா என்கிட்ட ஒண்ணும் இல்ல, செனா."

அந்தக் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவளை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

ஓடை வளையும் இடத்துக்கு வந்தார்கள். கரைமேல் ஓர் இரும்புமரம், அதன் நிழலுக்குள் நெஞ்சளவு உயரத்தில் ஒரு தூண்கள்ளி. ஹெனாரோ அதைக் 'குட்டையன்' என்று கூப்பிடுவான். கடலுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் இங்கே வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான். அவனும் குட்டையானவன். கள்ளி வளராததால்தான் அவனும் வளரவில்லை என்று ஊரே கேலி செய்தது.

பெல்த்ரான் தூரிகையைப் பெயின்டில் முக்கினான். பிறகு குனிந்து கள்ளியை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணி, மச்சானுக்கு வயசு நாப்பதுக்கு மேல இருக்குமில்ல?"

"இருக்கும். அதுக்கென்ன?"

"அப்ப இவன் இத்தனை வருஷமா என்னத்தத் தின்னான்? என் மகனோட கள்ளிகூட இவனைத் தாண்டப் போவுது."

அவன் கேலியாகத்தான் கேட்டான். செனாய்டா கள்ளியை மறுபடியும் பார்த்தாள். நீரிணைக்கு அப்பால் திபுரோன் தீவில் அவளுடைய கள்ளி நிற்கிறது. அவள் பிறந்தபோது அதுவும் முழங்கால் உயரம்தான். இன்று மூன்று ஆள் உயரம், தோளில் கை முளைத்துவிட்டது. அவள் ஹெனாரோவுக்குத் தங்கை.

"இருடா. பெயின்ட் அடிக்காத."

"என்னாச்சு?"

"இது அண்ணனோடது இல்ல."

பெல்த்ரான் தூரிகையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். "அண்ணி, விளையாடாதீங்க. ஒங்க அப்பாதான காட்டினாரு?"

அப்பாதான் காட்டினார். ஆனால் அண்ணன் பிறந்த அன்று அப்பா ஆமை பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். புதைத்தது பெரிய அத்தை. 'ஓடை வளைவுக்கு உள்பக்கம், இரும்புமரத்தடியில, முழங்கால் உயரத்துக் கள்ளி' என்று அத்தை அவரிடம் அடையாளம் சொன்னாள். அதன் பிறகு குடும்பம் வடக்கே இன்னொரு முகாமுக்குப் போய்விட்டது. பத்து வருஷம் கழித்துத் திரும்பியபோது அத்தை உயிரோடு இல்லை. அப்பா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடைவழியே நடந்தார். வளைவு இருந்தது. இரும்புமரம் இருந்தது. அதன் அடியில் முழங்கால் உயரத்துக் கள்ளியும் இருந்தது. சொன்னது சொன்னபடியே கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வேறெதையும் அவர் யோசிக்கவில்லை.

பத்து வருஷம் ஆன பிறகும் கள்ளி முழங்கால் உயரத்திலேயே நிற்குமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கடல்மனிதர். கடலில் எதுவும் நின்ற இடத்தில் நிற்காது, மணல்திட்டு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இடம் மாறும், நீரோட்டம் திசை மாறும். அதனால்தான் படகில் போகிறவர்கள் கரையைப் பார்த்து வழி கண்டுகொள்வார்கள். நிலம் அப்படியே இருக்கும் என்பது அவருக்குச் சந்தேகமே இல்லாத உண்மை. அதை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் உயிரோடு வீடு திரும்பினார்.

செனாய்டா அப்படி நினைக்க முடியாது. கூடை பின்னுகிறவள் அவள். குச்சிக்காக இந்தச் சரிவு முழுக்க அலைந்தவள். ஒரு பெருமழைக்குப் பிறகு வேறொரு ஓடை தன் பழைய தடத்தைக் கல்லால் அடைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்றைப் பிளந்துகொண்டு போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"பெல்த்ரான், ஓடை இங்க இருந்திருக்காது."

"ஓடை பின்ன எங்க இருக்கும்? பக்கத்து வீட்டுக்கா போயிருந்துச்சு?"

"நீ வா."

அவள் கரையேறி மேட்டு நிலத்துக்குப் போனாள். அங்கே மண் கறுத்துக் கிடந்தது. கற்கள் வெயிலில் காலகாலமாக வெந்து பளபளத்து, ஒன்றோடொன்று நெருங்கிப் பாய் விரித்ததுபோல் தரையை மூடியிருந்தன. இது பழைய நிலம். தண்ணீர் இதை மறந்து பல தலைமுறை ஆகியிருக்கும். கூடைக்குச்சிச் செடியும் முள்கள்ளியும் ஒன்றுக்கொன்று தூரத்தில், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல நின்றன. இங்கே இல்லை என்று அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அத்தை ஓடைக்கரையில் அல்லவா புதைத்தாள்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனபோது கறுப்புக் கற்கள் சட்டென்று நின்றன. அங்கிருந்து வெளிர்நிற மண் ஒரு பட்டையாக இறங்கிப் போனது. அதன் இரு ஓரமும், தண்டும் பச்சையாயிருக்கும் உயரமான பச்சைமரங்கள் வரிசையாக நின்றன. பாதிக் கிளைகள் காய்ந்து வெளுத்திருந்தன. ஓடைத் தண்ணீர் குடித்து வளர்ந்த மரங்கள் அவை. ஊர்வலம் போய் முடிந்த பிறகும் தெருவோரம் காத்து நிற்கிறவர்களைப் போல நின்றுகொண்டிருந்தன. நடுவே, ஒரு காலத்தில் வெள்ளம் புரண்ட இடத்தில், இடுப்பளவுப் புதர்களும் இளமரங்களும் குடியேறியிருந்தன. ஒன்றுக்கும் அவளைவிட அதிக வயதிருக்காது.

"இதுதான்டா ஓடை."

பெல்த்ரான் இடமும் வலமும் பார்த்தான். "தண்ணி?"

"விட்டுட்டுப் போயிடுச்சு. மரத்துக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியல."

அந்தப் பட்டைவழியே மேலேறி நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. மழைக்காலத்தில் மணக்கும் புதர்களிலிருந்து இப்போதும் லேசாக ஒரு வாசம் வந்தது. பட்டை ஓரிடத்தில் வளைந்தது. வளைவின் உள்பக்கம், பழைய கரைமேட்டில், ஒரு தூண்கள்ளி தனியாக நின்றது. மூன்று ஆள் உயரம் இருக்கும். தோளில் இரண்டு கைகள் மொட்டுவிட்டிருந்தன.

"மரத்தடியில இல்லையே அண்ணி. இரும்புமரம் எங்க?"

செனாய்டா கள்ளியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் தரையோடு தரையாக ஒரு கறுத்த அடிக்கட்டை. கோடரி வெட்டு இன்னும் கூராகத் தெரிந்தது. ஓடை விலகிப்போனதும் மரத்துக்குத் தாகம். மிச்சமிருந்த ஈரத்தை, தன் நிழலில் வளர்த்த கள்ளியே உறிஞ்சியிருக்கும். மரம் செத்ததும் சிற்பம் செதுக்குகிறவர்கள் வந்திருப்பார்கள். காய்ந்த இரும்புமரத்தைத்தானே தேடித் தேடி வெட்டினார்கள். டால்பினாகவோ ஆமையாகவோ அது ஏதோ ஒரு வெளியூர்க்காரன் வீட்டு அலமாரியில் இருக்கும். வெட்டியது, கடலுக்குப் போகாத நாட்களில் செதுக்கிய அப்பாவாகக்கூட இருக்கலாம்.

அவள் மண்டியிட்டு, கட்டைக்கும் கள்ளிக்கும் நடுவே மண்ணை விரலால் விலக்கினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கடல்சிப்பி கவிழ்ந்து கிடந்தது. சுண்ணாம்பாக வெளுத்து, விளிம்பு தேய்ந்திருந்தது. குழி தோண்ட அத்தை எடுத்துவந்ததாக இருக்கும். கடலிலிருந்து இவ்வளவு தூரம் அது தானாக நடந்து வந்திருக்க முடியாது.

பெல்த்ரான் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினான். "இப்ப என்ன பண்றது? ரெண்டுமே சாலைக்கு நடுவுல நிக்குதே."

"ஆளுக்கு ஒண்ணுதான்."

"ஒங்க கணக்குல ஒண்ணு..."

"நான் தீவுல பொறந்தவள்னு ஊருக்கே தெரியும். வேற பேச்சு பேசு."

வீட்டுக்குப் போனபோது ஹெனாரோ அதே சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து, அவள் பக்கம் திரும்பினான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள். அது கோபத்தில் சிவந்திருந்தது.

"அப்போ முப்பது வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

"ண்ணே..."

"கல்யாணம் முறிஞ்சப்ப யார்கிட்டப் போய் அழுதேன்? மொதச் சம்பளத்துல வாங்கின பீரை யாரோட பங்கு போட்டேன்? முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன்கிட்டயா?"

வாசலில் நின்ற பெல்த்ரான், "நல்லவேளை மச்சான், அது யார்கிட்டயும் சொல்லல" என்றான்.

"நீ வாயை மூடு. லாரியைக் கொண்டா."

"எதுக்கு?"

"என்னைத் தூக்கிப் போடு. நானே பாக்கணும்."

லாரியில் வலைக்குவியலின்மேல் அவனைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெல்த்ரானைத் திட்டிக்கொண்டே வந்தான். செனாய்டா அந்த வசவைக் கேட்டுக்கொண்டே வந்தாள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பெரிய கள்ளியின் முன்னால் லாரி நின்றது. வளையங்களைச் சரிபார்க்கச் சாலைவேலை மேஸ்திரி ஒத்திலியோவும் அங்கே வந்துவிட்டார். எர்மோசிய்யோ நகரத்திலிருந்து வந்தவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நின்றார். ஹெனாரோ தலையை அண்ணாந்து கள்ளியின் உச்சிவரை பார்த்தான். உச்சியில் ஒரு மரங்கொத்தி பொந்திலிருந்து தலையை நீட்டிவிட்டு உள்ளே போனது. அவன் கையை நீட்டி முள் படாத இடத்தில் மெல்லத் தொட்டான். எதுவோ பேச வாயெடுத்தவன், கூச்சப்பட்டு நிறுத்திவிட்டான்.

"என்ன மச்சான்?"

"பெரிய மனுஷனா இருக்காரு. சட்டுன்னு பேச்சு வரல."

பிறகு குட்டையனிடம் போனார்கள். ஓடைக்கரை அவர்கள் காலடிவரை அரிக்கப்பட்டிருந்தது, இரும்புமரத்தின் வேர்கள் வெளியே தொங்கின. சாலை வராவிட்டாலும் அடுத்த புயலுக்கோ அதற்கடுத்ததற்கோ ஓடை இந்தக் கரையை எடுத்துக்கொள்ளும். இது செனாய்டாவுக்குத் தெரிந்தது. ஹெனாரோவும் அந்த வேர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க ஐயா, எந்தக் கள்ளிக்கு வளையம்?" ஒத்திலியோ மெதுவாகக் கேட்டார். "ரெண்டையும் விடணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா ஆளுக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டது ஒங்க ஊர்க்காரங்க. அதை நான் மாத்தினா நாளைக்கு இங்க ஒருத்தரும் எனக்குத் தண்ணி குடுக்க மாட்டாங்க."

செனாய்டா அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் ஒன்று போய்விடும். அது போனதும் இவன் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். உண்மையைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு முதன்முறையாகத் தோன்றியது.

"பெரியவருக்கு அடிங்க" என்றான் ஹெனாரோ. "அவரை அசைக்க முடியாது. என்னைச் சுமந்தவரு அவரு. ஆனா இவனைத் தோண்டி எடுக்கலாம். இவன் யாரோடதும் இல்லைன்னுதான ஆயிடுச்சு, எங்க வேணா கொண்டுபோகலாம்."

"கள்ளியைத் தோண்டுறதா? யாரும் செஞ்சதில்லையே" என்றான் பெல்த்ரான்.

"யாரும் முப்பது வருஷம் தப்பான கள்ளிகிட்டப் பேசினதும் இல்ல. மண்வெட்டியை எடு."

ஒத்திலியோ தன் லாரியிலிருந்து இன்னொரு மண்வெட்டியும் சாக்கும் கொண்டுவந்தார். எந்தப் பக்கம் தெற்கு நோக்கி வெயில் வாங்கியதோ அதே பக்கம் தெற்கு நோக்கியே நடவேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும் என்று செனாய்டா அந்தப் பக்கத்து முள்ளில் ஒரு சிவப்புக் கூடைநாரைக் கட்டினாள். வேரைச் சுற்றி அகலமாகத் தோண்டிச் சாக்கில் சுற்றி, மூன்று பேருமாகத் தூக்கி லாரியில் ஏற்றுவதற்குள் பெல்த்ரானின் கை முழுக்க முள்.

"வீட்டு வாசல்லயே வெச்சிடலாமா மச்சான்? கண்ணெதிர்ல இருக்கும்."

"வாசல் மண்ணுல உப்பு. செத்துடும்" என்றாள் செனாய்டா.

"அப்போ ஓடைப்பக்கம்? தண்ணி கிடைக்குமே."

"தண்ணி குடுக்கும். அப்புறம் அதுவே வந்து தூக்கிட்டும் போகும். வேணாம். ஓடை ஏற்கெனவே விட்டுட்டுப்போன இடத்துக்குப் போ."

பழைய ஓடைத்தடத்தில், சாலைக் கோட்டுக்கு வெகுதூரம் மேலே, அவள் ஒரு மரத்தைத் தேர்ந்தாள். ஓரத்தில் நின்ற உயரமான மரங்களில் ஒன்றல்ல. அவற்றின் காலம் முடிந்துகொண்டிருந்தது. தடத்தின் நடுவே, தண்ணீர் போன பிறகு முளைத்த ஓர் இளம் பச்சைமரம். நிழல் இப்போதுதான் ஒரு பாய் அகலம்.

"இதுக்கு அடியில."

"இது சின்னதா இருக்கே" என்றான் ஹெனாரோ.

"அதுக்குத்தான். ரெண்டும் சேர்ந்து வளரட்டும்."

"வளந்து?"

"வளந்து ஒரு நாள் இவன் இந்த மரத்தையே குடிச்சுடுவான்."

ஹெனாரோ சிரித்தான். தொண்டையில் தூசி அடைத்தவனின் சிரிப்பு அது. ஆனாலும் சிரிப்புதான். "நன்றி கெட்டவன்" என்றான்.

குழி தயாரானது. கள்ளியை இறக்கியதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மண் போட இருவர் வேண்டும், பிடிக்க ஒருவர் வேண்டும். யாரும் கேட்பதற்குள் ஹெனாரோ கைகளால் நகர்ந்து குழியோரம் வந்துவிட்டான். கால்களைத் தானே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கள்ளியின் இரண்டு பக்கமும் நீட்டி வைத்துக்கொண்டான். சாக்கைச் சுற்றி இரு கைகளாலும் அதைக் கட்டி நிமிர்த்தினான். முள் குத்தியது. கையில் குத்தியதற்கு முனகினான். தொடையில் குத்தியது அவனுக்குத் தெரியவில்லை. செனாய்டா அதைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாரு தெற்காலயா இருக்கு?"

"இருக்குண்ணே."

"கல்லை முதல்ல போடு, பெல்த்ரான். மண்ணை மட்டும் கொட்டினா மொதக் காத்துக்கே விழுந்துடும். பெரிய கல்லுடா! நீ என்ன கோழிக்குத் தீனியா போடுற?"

"படுத்தே கெடந்தப்ப நீ எவ்வளவு நல்லவனா இருந்த, மச்சான்."

மண் ஏறியது. கல் ஏறியது. ஒத்திலியோ மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி இறுக்கினார். நிழல் இவர்களைத் தாண்டி நீண்டபோது அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இப்ப விடலாம்னு நெனைக்கிறேன்" என்றார்.

ஹெனாரோ ஒரு கையை எடுத்துப் பார்த்தான். கள்ளி லேசாக அசைந்தது. மறுபடியும் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் இல்ல. நீங்க போய்ப் பெரியவருக்கு வளையத்தைப் போட்டுட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"தனியாவாண்ணே?"

"தனியா எங்க?" என்றான். பிறகு, அவள் லாரியில் ஏறப்போகும்போது, பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "செனா, நாளைக்குக் காலையில என்னை இங்க கொண்டாந்து விடணும். குடிதண்ணியும் தொப்பியும் வேணும். இவன் வேர் பிடிக்கிறவரைக்கும் தெனமும் பாத்துக்கணும்."

"எத்தனை நாள் ஆகும்னு தெரியாதேண்ணே. ஒரு மழைக்காலம்கூட ஆகலாம்."

"ஆகட்டும்" என்றான் ஹெனாரோ. "கல்லு இந்தப் பக்கம் கொறச்சலா இருக்கு. போறதுக்கு முன்னாடி ரெண்டு எடுத்து வெச்சிட்டுப் போ."